மலையகத்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் காணிக்கு மேலே பாருங்கள்

காணி பார்க்கப் போகும் எங்கள் ஆட்கள் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, “பேர்ச் என்ன விலை?” (பேர்ச் என்பது காணி அளக்கும் அலகு.) அடுத்தது, “மெயின் ரோட்டுக்கு எவ்வளவு தூரம்?” அதற்கடுத்தது, “உறுதி இருக்கா?”, அதாவது காணிப் பத்திரம். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இலங்கையின் மலைநாட்டில் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் காணிக்கு மேலே என்ன இருக்கிறது? மழை பெய்தால் அங்கிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக இறங்கிப் போகும்?

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். என் தாத்தா காலத்திலும் அதற்கு முந்திய காலத்திலும் எங்கே குடியிருப்பது என்பதைத் தோட்டத்துத் துரைதான் முடிவு செய்தார். எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்துச் சேர்த்த காசோடு, பரம்பரையிலேயே முதல் ஆளாகக் காணி வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வீடு வாங்கும்போது உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறோம். ஒன்று கட்டடம், மற்றது அது நிற்கும் இடம். கூரை ஒழுகினால் தகரம் மாற்றலாம். சமையலறை சிறியதென்றால் பின்னால் இழுத்துக் கட்டலாம். இடத்தை அப்படி எதுவும் செய்ய முடியாது. எந்த ஊரிலும் இது பொதுதான். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ‘நல்ல இடம்’ என்றால் பள்ளிக்கூடம், பஸ், சந்தை, கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மலையில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. நிலத்தின் உடம்பையே பார்க்க வேண்டும். ஒரே ரோட்டில், ஒரே விலையில், நூறு யார் இடைவெளியில் இருக்கும் இரண்டு காணிகளில் ஒன்று தலைமுறைக்கும் நிற்கும். மற்றது ஒரு பெரிய மழைக்குத் தாங்காது. பத்திரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் அக்கா குடும்பத்துக்குக் காணி தேடியபோது. ஓர் ஆகஸ்ட் மாதம், பண்டாரவளைப் பக்கத்தில் 15 பேர்ச் காணி ஒன்றைப் பார்க்கப் போனோம். வெயில் நன்றாக அடித்தது. காணி மேசை போலச் சமமாக இருந்தது. முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அத்தானுக்கு நின்ற இடத்திலேயே பிடித்துவிட்டது. பின்பக்கம் பன்னிரண்டு அடி உயரத்துக்கு மலையை வெட்டி நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு மண், மேலே மானாப்புல். “கட்டட வேலை மிச்சம், மண் வெட்டுற செலவு இல்ல” என்றார் தரகர். கீழே பீலியில், மலை ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, இப்ப பாத்து என்ன தெரியும்? ஐப்பசி, கார்த்திகையில வந்து பாருங்க.”

போனோம். நவம்பர் நடுப்பகுதி, மூன்று நாள் மழைக்குப் பிறகு. அந்த மண்மேட்டின் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரே வரிசையாக ஏழெட்டு இடங்களில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பால் விடாத தேயிலைச் சாயம் போல ஒரு நிறம். மேட்டின் உச்சியில் மானாப்புல்லை விலக்கிப் பார்த்தால், கை விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, வளைந்து, அரை நிலா வடிவில் போனது. அத்தான் ஒன்றும் பேசாமல் பஸ் ஏற வந்துவிட்டார்.

அந்த வரிசைக் கசிவு என்ன சொல்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மண்சரிவு பற்றிப் பாதி புரிந்த மாதிரி. மலையகத்தின் மண் பெரும்பாலும் அடியிலுள்ள பாறை நாள்பட மக்கிச் சேர்ந்த மண். மழைத் தண்ணீர் அதற்குள் சுலபமாக இறங்கும். இறங்கிப் போய், மக்காத கடினமான அடுக்கில் முட்டியதும் கீழே போக வழியில்லாமல், அந்த அடுக்கின் மேலேயே சரிவாக ஓடத் தொடங்கும். முழங்கால் உயரத்தில் நாங்கள் கண்டது அந்த எல்லைக்கோடு. மேலே பத்தடி மண், அதற்கு அடியில் வழுக்கும் தண்ணீர்.

சின்னப் பிள்ளைகள் ஈர மணலில் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அளவான ஈரம் இருந்தால் மணல் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அப்படியே இளகி வழிந்துவிடும். மலையும் அப்படித்தான். மண் துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்து அழுத்தம் கூடக்கூட, மண்ணின் பிடிமானம் குறைகிறது. ஏற்கெனவே அடிவாரத்தை வெட்டி எடுத்திருந்தால், தாங்கிப் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு கொட்டிய மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். பலருக்கு அது சொந்தக்காரர் வீடு, கூடப் படித்தவன் வீடு.

இடம் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மேலே உள்ள மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, அடிப்பகுதி வளைந்து வளர்ந்திருந்தால், மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். லைட் போஸ்ட் சாய்ந்திருப்பதும், வேலிக்கம்பிகள் ஓர் இடத்தில் தொங்கி இன்னோர் இடத்தில் இழுபட்டிருப்பதும் அதே கதைதான். முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வந்திருக்கிறதா, இருந்த ஊற்று திடீரென்று நின்றிருக்கிறதா, தெளிந்து வந்த தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கட்டிய வீட்டை வாங்குவதானால் கதவு, ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். நிலை கோணியிருந்தால் கதவு இறுகும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பும், சுவரில் ஓர் இடத்துக்கு மட்டும் புதுப் பூச்சு, புதுப் பெயின்ட் அடித்திருப்பதும் கவனிக்க வேண்டியவை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. செங்குத்தான இடம் மட்டும்தான் ஆபத்து, அடிவாரத்துச் சமதரை பத்திரமானது என்று நினைக்கிறார்கள். அந்தச் சமதரை எப்படி வந்தது? சில இடங்களில் அது பழைய சரிவு ஒன்று கொண்டுவந்து கொட்டிய மண். நிலத்துக்குள் பெரிய உருண்டைக் கற்களும் மண்ணும் கலந்து கிடந்தால், இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ள வாய்க்கால் நேராக அந்தக் காணியை நோக்கி இறங்கினால், அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது. முன்பு வந்த வழியில்தான் மண்ணும் தண்ணீரும் மறுபடியும் வரும். மலையின் தோள் போலப் புடைத்து நிற்கும் பகுதிகளில் தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து போய்விடும். பள்ளமாகக் குழிந்த பகுதிகளில் அது ஒன்றுசேரும். வேறு எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இந்தத் தோள், குழி வித்தியாசத்தையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கண்ணால் பார்த்தது போதுமா? போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுக்கு வரைபடங்கள் தயாரித்து வைத்திருக்கிறது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அதில் அடங்கும். இந்த மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி எடுக்கும்போது அவர்களுடைய மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும். எங்கள் ஆட்கள் செய்யும் தவறு, காணியை எழுதி முடித்த பிறகு அறிக்கைக்குப் போவது. ‘இங்கே கட்ட முடியாது’ என்று வந்தால் காசு மலையிலே போய்விடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே காணிக்காரரிடம் பேசி அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். அவசரமென்று அட்வான்ஸ் கொடுக்க நேர்ந்தால், அறிக்கை சாதகமாக வராவிட்டால் பணம் திரும்பும் என்று உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுக்க மாட்டார். அறிக்கையில் சில நிபந்தனைகள் வரலாம்: மேட்டிலிருந்து இவ்வளவு தூரம் விட வேண்டும், கான் என்கிற வடிகால் வெட்ட வேண்டும், தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று. அவற்றுக்கான செலவையும் காணி விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மழைக் காலத்தில் ரேடியோவில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை என்று சொல்வதும் இதே நிறுவனம்தான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனமாக இருங்கள் என்பது முதல் நிலை. 100ஐத் தாண்டினால் தயாராக இருங்கள். 150 என்றால் வெளியேறுங்கள். நீங்கள் பார்க்கும் கிராம சேவகர் பிரிவுக்குக் கடந்த ஆண்டுகளில் எத்தனை தடவை சிவப்பு எச்சரிக்கை வந்தது, எத்தனை தடவை ஆட்கள் பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ போய்ப் படுத்தார்கள் என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். தரகர் சொல்லாத கதை அங்கே கிடைக்கும்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் லயத்தில் இருந்தவர்களுக்குப் போக வேறு காணி ஏது? தெரிந்தே இருந்தார்கள் என்று அவர்களைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தேர்ந்தெடுக்கும் நிலைமையில் இன்று இருப்பவர்கள் அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் வீணாக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

காணியின் அளவு ஒன்று, பயன்படும் அளவு இன்னொன்று

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். 15 பேர்ச் என்றால் 4,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் சர்வேயர் பிளானில் காட்டுவது மேலிருந்து பார்த்த தட்டையான அளவு. மலைச்சரிவில் அந்த 15 பேர்ச்சில் மேட்டுக்கு விடும் இடைவெளி, கீழ் விளிம்பில் விடும் இடைவெளி, மலசலகூடக் குழி, கான், படிக்கட்டு எல்லாம் போக, வீடு வைக்க மிஞ்சுவது பாதிகூட இல்லாமல் போகலாம். ஆகவே “பேர்ச் என்ன விலை” என்று கேட்பதைவிட, “வீடு வைக்கக்கூடிய பேர்ச் எத்தனை” என்று பார்த்து அதற்கு விலையைப் பிரித்துப் பாருங்கள். சில நேரம் விலை கூடிய 8 பேர்ச், விலை குறைந்த 15 பேர்ச்சைவிட மலிவாக வந்து நிற்கும்.

வெட்டிச் சமப்படுத்திய காணியென்றால், வெட்டிய மண் எங்கே போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதே மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி நிரப்பித்தான் அந்தச் சமதரையை அகலமாக்கியிருப்பார்கள். வீட்டின் பின்பாதி இறுகிய மண்ணிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், முன்பாதி மெல்ல இறங்கும், நடுவில் வெடிக்கும். எங்கே வெட்டு முடிந்து நிரப்பு தொடங்குகிறது என்பதை அலவாங்கால் (கடப்பாரையால்) நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

தண்ணீர், காற்று, வெயில்

மழை பெய்யும் காலம் எல்லா மலைக்கும் ஒன்றல்ல. கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும். நாட்டிலேயே அதிகம் நனையும் பகுதி அது. அதே மாதங்களில் ஊவாப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை, பதுளை எல்லாம் காய்ந்து, கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும். அங்கே மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவம் முடியும் வரை. ஆகவே ஹட்டன் பக்கத்துக் காணியை ஜூன், ஜூலையிலும் பண்டாரவளைப் பக்கத்துக் காணியை நவம்பர், டிசம்பரிலும் பார்க்க வேண்டும். பிறகு வறண்ட காலத்தில் இன்னொரு தடவை போக வேண்டும், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க.

பீலித் தண்ணீரை நம்பி வாங்குகிறவர்கள், அந்த ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். தோட்டத்து எல்லைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் இழுத்திருந்தால், அது பழக்கத்தில் கிடைக்கும் வசதிதான், எழுதிக் கொடுத்த உரிமை கிடையாது. நிலத்தடித் தண்ணீரும் நிரந்தரமில்லை. உமா ஓயா ஆற்றுத் தண்ணீரைத் திருப்பும் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் தோண்டியபோது, 2014 இறுதியிலிருந்து தண்ணீர் சுரங்கத்துக்குள் கசிந்து, பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளிலும் வெடிப்பு விழுந்தது. அந்தப் பகுதியில் கட்டிய வீடு வாங்குகிறவர்கள் பழைய வெடிப்புகளைப் பற்றிக் கேட்பது தப்பில்லை.

ஆற்றோரமும் அப்படித்தான். நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் மகாவலிக் கரையில் வீடு வாங்கினால், வெள்ளம் எந்த அளவுக்கு ஏறியது என்பதைப் பக்கத்துக் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மலை மறைக்கும் பள்ளத்தில் வீடு அமைந்தால் காலை வெயில் வரவே பத்து மணியாகும். துணி காயாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்குச் சளி விடாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும் நாட்களில் குளிர் பள்ளத்தில்தான் தேங்கி நிற்கும். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். முகட்டின் உச்சியும் வேண்டாம். கச்சான் காற்றில் கூரைத் தகரம் பறப்பதை ஊவாக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வழி

கார் போகும் ரோடு இருக்கிறது என்று விளம்பரத்தில் இருக்கும். பிளானில் பத்தடி வழி என்று இருந்தால், நிலத்திலும் பத்தடி இருக்கிறதா என்று நாடாவால் அளந்து பாருங்கள். அந்த வழி உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா, பக்கத்துக்காரர் இரக்கப்பட்டு விட்டிருக்கிறாரா என்பது பெரிய வித்தியாசம். மழை நாளில் ஆட்டோ அந்த ஏற்றத்தில் ஏறுமா? லொறி வராத இடத்தில் மணலும் கல்லும் சிமெந்தும் ஆள் தோளில்தான் ஏற வேண்டும், கட்டடச் செலவு எகிறும். நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் எத்தனை பேர் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று ஒரு தடவை மனதுக்குள் நடந்து பாருங்கள். லயத்தில் கம்பளியில் கட்டித் தூக்கிப் போன காலம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையை முதலாம் ஆண்டில் நல்ல பாடசாலையில் சேர்க்க நினைப்பவர்கள், வீடு அந்தப் பாடசாலைக்குப் பக்கத்தில் இருப்பதோடு, அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் சில ஆண்டுகள் தொடர்ந்து பெயர் இருந்தால்தான் புள்ளி கிடைக்கும். அதே மொழிமூலத்தில் அதைவிடக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் வீடு தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

பத்திரத்தில் இருக்கும் இடம்

தனியார் காணியில் சின்னக்கர உறுதி, அதாவது முழு உரிமை தரும் உறுதி, இருக்க வேண்டும். அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி அல்லது அளிப்புப் பத்திரக் காணி என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதற்குப் பொருந்தும். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. ஸ்டாம்ப் ஒட்டிய கடதாசியில் எழுதித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். தோட்டக் காணியில் கட்டிய வீட்டையும் உறுதி கையில் இல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெறும் நம்பிக்கைதான். ஆறு, ரயில் பாதை, நீர்த்தேக்கம், காடு ஆகியவற்றின் ஒதுக்கு நிலத்துக்குள் காணி விழுகிறதா என்பதையும் விசாரியுங்கள். ரோடு அகலமானால் எவ்வளவு போகும் என்பதைப் பிரதேச சபையில் அல்லது மாநகர சபையில் வீதி எல்லைச் சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிடலாம். உறுதியின் வரலாற்றைத் தேடுவது, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசின் வேலை. விற்பவருடைய நொத்தாரிசை நம்பாமல் உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள்.

அக்காவும் அத்தானும் கடைசியில் வாங்கியது 11 பேர்ச். காட்சி பெரிதாக ஒன்றும் இல்லை, எதிரே இன்னொரு மலைதான். ஆனால் மலையின் தோளில் இருக்கிறது. மேலே பழைய தேயிலை, வேர் பிடித்து நிற்கிறது. காலை வெயில் ஏழரைக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால், மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி, தண்ணீரைச் சுற்றிக் கொண்டுபோய்க் கல் பதித்த வாய்க்காலில் விட்டிருக்கிறார்கள். அந்தக் கானில் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்தால் பாடுபட்டதெல்லாம் வீண். தண்ணீர் நேரே மேட்டுக்குள் இறங்கும். அதனால் வானம் கறுத்தால் அத்தான் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு மேலே ஏறிவிடுவார். போன மாதம் போயிருந்தபோது நானும் கூட ஏறினேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் இலை வாரினோம்.